விலை போகாதது எங்கே போகிறது?

அந்த எண்ணை எழுதியது நான்தான். ஒரு பழைய கம்ப்யூட்டர் கேஸின் பக்கவாட்டில் வெள்ளை ஸ்டிக்கர், அதில் நீல மார்க்கரில் மூன்று இலக்கம். 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவது என் பழக்கம். அந்தக் கோடு அப்படியே இருந்தது. கேஸ் கிடந்தது பழைய பொருள் குடோன் ஒன்றின் பின்பக்கம்; மேலே தகரக் கூரை, கீழே எண்ணெயும் கரியும் ஊறிய மண். அதே எண்ணுக்கு எங்கள் அலுவலகக் கோப்பில் முத்திரை, கையெழுத்து சகிதம் ஒரு சான்றிதழ் இருந்தது. 'சுற்றுச்சூழலுக்குப் பாதுகாப்பான முறையில் மறுசுழற்சி செய்யப்பட்டது' என்று.

அதற்கு எட்டு மாதம் முன்னால் ஒரே மூச்சில் 140 மெஷின்களை மாற்றியிருந்தோம். கம்ப்யூட்டர் பராமரிப்பு என் பொறுப்பு. பழைய மெஷின்களோடு மாடியில் தூசி பிடித்துக் கிடந்த நாற்பது சொச்சம் பெட்டி மானிட்டர்கள், யுபிஎஸ் பேட்டரிகள், பிரிண்டர்கள், மூன்று சாக்கு ஒயர் எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடச் சொன்னார்கள். மூன்று பேரிடம் விலை கேட்டேன். அதிகம் தருவதாகச் சொன்னவருக்குக் கொடுத்தேன். வண்டி வந்தது, ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒரு வாரத்தில் சான்றிதழ் வந்தது. நல்ல விலை வாங்கியதற்காக மேலாளர் கூப்பிட்டுப் பாராட்டவும் செய்தார்.

குடோனுக்கு நான் போனதுகூட எதையும் சரிபார்க்க இல்லை. ஒரு பழைய பிரிண்டருக்குப் பவர் போர்டு தேவைப்பட்டது. பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர், "அங்கே தேடினால் கிடைக்கும்" என்று கூட்டிப்போனார். போர்டும் கிடைத்தது, என் கையெழுத்தும் கிடைத்தது.

முதலில் குடோன்காரர் மேல்தான் கோபம் வந்தது. சான்றிதழ் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "நான் பேப்பர் எதுவும் குடுக்கலையே சார். எனக்கு வித்தவரு வேற ஒருத்தர்கிட்ட எடுத்தாரு. அவரு யாருகிட்ட எடுத்தாரோ!" எங்கள் மாடியிலிருந்து அவர் வாசலுக்கு வருவதற்குள் சரக்கு குறைந்தது மூன்று கை மாறியிருந்தது. சான்றிதழ் தந்தவர் அந்தச் சரக்கை ஒரு ராத்திரிகூட வைத்திருந்தாரா என்பதே சந்தேகம்.

அப்புறம் ஒரு வருடம் போல, விடுமுறை நாட்களில் அங்கே போய்க்கொண்டிருந்தேன். குற்றவுணர்ச்சி பாதி, ஆர்வம் பாதி. முதல் சில வாரம் என்னை யாரோ அதிகாரி என்று நினைத்து ஒயர் எரிக்கும் இடத்தைக் காட்டவே இல்லை. நானும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உட்கார்ந்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள்.

அவர்கள் வேலையைப் பற்றிக் குறை சொல்வதற்கு முன்னால் அதன் நேர்த்தியைச் சொல்லிவிட வேண்டும். அங்கே இருந்த ஒரு அக்கா ஒரு கம்ப்யூட்டரைப் பிரிக்கும் நேரத்தில் நான் பக்கத் தகடைக்கூடக் கழற்றி முடித்திருக்கமாட்டேன். இரும்பு ஒரு பக்கம், அலுமினிய ஹீட் சிங்க் ஒரு பக்கம், செம்புக் காயில் தனி. போர்டுகளிலும் ரகம் உண்டு. ரேம், ப்ராசசர் உயர்ந்த ரகம், மதர்போர்டு நடுத்தரம், பவர் சப்ளை போர்டு மட்டம். பார்த்த பார்வையிலேயே கை பிரித்துப் போட்டுவிடும். பெரிய இயந்திரத்தில் கொட்டி அரைத்தால் தங்கம் கொஞ்சம் இரும்புத் தூளோடும் கொஞ்சம் பிளாஸ்டிக் தூளோடும் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். கையால் பிரித்தால் அந்தச் சேதாரம் இல்லை. அதனால்தான், பிரிப்பது வளரும் நாடுகளில் மனிதக் கையால், உலோகத்தை உருக்கி எடுப்பது நவீன ஆலையில் என்று இரண்டையும் இணைக்கும் யோசனையை இந்தத் துறையினர் வெகுநாளாகச் சொல்லிவருகிறார்கள். ஸ்க்ரூ டிரைவரால் யாருக்கும் நஞ்சு ஏறுவதில்லை. ஏறுவது அதற்கடுத்த கட்டங்களில்.

முதலாவது, போர்டைச் சூடாக்குவது. கரி அடுப்பின் மேல் தகடு; அதன் மேல் போர்டைக் கவிழ்த்து வைத்து, சிப்புகளைப் போர்டோடு ஒட்டவைத்திருக்கும் ஈயக் கலவை (சால்டர்) இளகியதும் தட்டினால் அவை உதிரும். பழைய போர்டுகளின் சால்டரில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்; அது 183 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தச் சூட்டில் ஈயம் பெரிதாக ஆவியாவதில்லை என்று படித்தவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம்தான். ஆனால் கரி அடுப்புக்கு 183-இல் நிற்கத் தெரியாது. போர்டின் பிசினும், தீப்பிடிக்காமல் இருக்க அதில் சேர்த்த புரோமின் கலவைகளும் கருகிப் புகையாகும். உதிர்ந்த ஈயத் துணுக்கு மண்ணில் கலந்து, மிதிபட்டு, தூசியாகக் கைக்கும் வாய்க்கும் போகும். முதல் நாள் நான் இரண்டு மணி நேரம் நின்றதற்கே இரவு முழுக்கத் தலைவலி. நாக்கில் ஒரு உலோகச் சுவை.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் புது மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன்பின் வந்த போர்டுகளில் ஈயம் குறைவு. ஆனால் குடோனுக்கு வருவது எப்போதும் பழைய காலம்தானே.

இரண்டாவது, ஒயர் எரிப்பது. தடிமனான ஒயரை யாரும் எரிப்பதில்லை. கத்தியால் கீறி உரித்துவிடுவார்கள். மெல்லிய ஒயர்தான் சிக்கல். உரிக்க நேரம் போதாது, எரித்தால் ஐந்து நிமிடம். சாயங்காலம் பொழுது சாய்ந்ததும், புகை கண்ணில் படாத நேரம் பார்த்துப் பற்றவைப்பார்கள். மேலுறை பிவிசி, அதில் குளோரின் இருக்கிறது. அது அரைகுறையாக எரியும்போது டயாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகும். உள்ளே இருக்கும் செம்பு அந்த வினையை இன்னும் முடுக்கிவிடும். டயாக்சின் ஒன்றும் புகையோடு போய்விடுவதில்லை. மண்ணில் படியும், அங்கே மேயும் கோழிக்குப் போகும், முட்டைக்குப் போகும். கானாவின் அக்ரா நகரில் அக்பொக்புளோஷி என்ற இடம் உலகமறிந்த ஒயர் எரிப்புக் களம். அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்து 2019-இல் ஓர் அறிக்கை வெளியானது. அந்த முட்டையில் ஒன்றைச் சாப்பிட்டாலே, குளோரின் டயாக்சினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த ஒரு நாள் வரம்பைப்போல 220 மடங்கு உள்ளே போய்விடும் என்றது அது. அதைப் படித்ததிலிருந்து குடோன் ஓரத்தில் கொத்தித் திரிந்த கோழிகளை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது, ஆசிட். அது எங்கள் குடோனில் நடக்கவில்லை. உயர்ந்த ரகப் போர்டுகளை வேறு யாரோ வாங்கிப்போய் ராஜதிராவகத்தில் கரைத்துத் தங்கம் எடுப்பதாகச் சொன்னார்கள். ஒரு பங்கு நைட்ரிக், மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக். கரைத்து எடுத்ததும் மீதிக் கரைசல் சாக்கடைக்குப் போகும். இத்தனை நஞ்சைக் கொட்டி எவ்வளவு எடுக்கிறார்கள் என்றால், அங்கேதான் வேடிக்கை. பெங்களூரின் முறைசாராப் பட்டறைகளை ஆராய்ந்தபோது, போர்டில் இருக்கும் தங்கத்தில் சுமார் கால் பங்குதான் கைக்கு வருகிறது என்று தெரிந்தது. பெல்ஜியத்தின் ஹோபோகன் நகரில் உமிகோர் என்ற நிறுவனம் நடத்துவது போன்ற நவீன ஆலைகளில் 95 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். ஒரு டன் செல்போனில் 300 கிராம் அளவுக்குத் தங்கம் இருக்கும். சுரங்கத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் கிடைத்தாலே தோண்டுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான சுமார் 5,000 பதக்கங்களையும் இப்படிப் பழைய போன்களிலிருந்தும் கருவிகளிலிருந்தும் எடுத்த உலோகத்தால்தான் செய்தார்கள். 32 கிலோ தங்கம் கிடைத்தது.

இந்தக் கணக்கையெல்லாம் குடோன்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அந்த ஆலைக்கு ஒரு கப்பல் லோடு போர்டு சேர்க்கணும், அவங்க டெஸ்ட் பண்ணி மாசக்கணக்குல கழிச்சுப் பணம் தருவாங்க. எனக்கு சனிக்கிழமை கூலி குடுக்கணும் சார்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒருநாள் அவரிடமே, "அன்னிக்கு எங்க சரக்குக்கு மத்த ரெண்டு பேரும் உங்க ஆளைவிட ஏன் குறைச்சலாக் கேட்டாங்க?" என்றேன். அவர் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு குவியல். உடைத்த பிக்சர் டியூப் கண்ணாடி, கறுப்பு பிளாஸ்டிக், பழைய எல்சிடி திரைகளின் மெல்லிய விளக்குக் குழாய்கள், பிரிண்டர் டோனர் டப்பாக்கள். "இதுக்குக் காசு கிடையாது. அவங்க இதை ஒழுங்கா அனுப்பணும்னா கைக்காசு செலவு பண்ணணும். நமக்கு அந்தச் செலவு இல்ல, அதான் விலை கூடத் தர முடியுது."

இவ்வளவு நாள் நான் படித்த எதையும்விட அந்த ஒரு பதில் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. ஒரு கம்ப்யூட்டரில் விலை போகும் பாகம் உண்டு, விலை போகாத பாகம் உண்டு. இரும்பும் செம்பும் தங்கமும் யார் கையில் கிடைத்தாலும் எப்படியாவது மறுபடி உலகத்துக்கு வந்துவிடும். பெட்டி மானிட்டரின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் கணிசமாக ஈயம் கலந்திருக்கும். அதைக் கொண்டு புது டியூப் செய்வார்கள், முன்பெல்லாம். இப்போது டியூபே யாரும் செய்வதில்லை. பழைய எல்சிடி விளக்குக் குழாயில் பாதரசம். கறுப்பு பிளாஸ்டிக்கில் புரோமின். இவற்றை ஒழுங்காகக் கரைசேர்க்கச் செலவு ஆகும். அந்தச் செலவைச் செய்யாதவர்தான் ஏலத்தில் ஜெயிப்பார். நான் வாங்கிக் கொடுத்த 'நல்ல விலை'யில் ஒரு பகுதி இந்தக் கொல்லைக் குவியல்.

இது நாடுகளுக்கிடையிலும் அப்படியேதான். 2022-இல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது, அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் இருக்கிறது என்று ஐநா அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. பணக்கார நாடுகளில் செலவு வைக்கும் சரக்கு, 'பழைய பொருள், நன்கொடை' என்ற பெயரில் கப்பலேறுகிறது. 2015, 2016-இல் நைஜீரியாவின் துறைமுகத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் பழைய மின்சாதனம் வந்திறங்குகிறது. பெரும்பகுதி பழைய கார்களுக்குள் அடைத்து வந்தது. குறைந்தது 19 சதவீதம் வேலையே செய்யவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் வெளிநாட்டின் மேல் போட்டுவிட முடியாது. நான் பார்த்த குடோனில் வெளிநாட்டுச் சரக்கு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் என்னைப் போன்றவர்கள் விற்றது.

சட்டம் இல்லாமல் இல்லை. அபாயக் கழிவு நாடு தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கை 1989-இல் உருவாகி 1992-இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா கையெழுத்திட்டும் இன்றுவரை ஏற்புறுதி தரவில்லை. 2025 ஜனவரி 1 முதல், அபாயகரமானதோ இல்லையோ, எந்த மின்கழிவை அனுப்பினாலும் வாங்கும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும் என்று அதைத் திருத்தியிருக்கிறார்கள். இந்தியாவில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் தயாரிப்பாளர் மேல் பொறுப்பைச் சுமத்துகின்றன; அதை நிறைவேற்ற அவர் மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். மறுசுழற்சி செய்பவர் மீட்டெடுக்கும் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய நான்கு உலோகங்களை வைத்துச் சான்றிதழ் கணக்கு ஓடுகிறது. கொல்லைக் குவியலைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு நெருடல். அந்த நான்கும் எப்படியும் விலை போகக்கூடியவை.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டுமல்லவா? முதலில் செய்த எல்லாமே சொதப்பல்.

ஒரு பெட்டி நிறையத் துணி மாஸ்க் வாங்கிப் போனேன். துணி மாஸ்க் பெரிய தூசியைத்தான் தடுக்கும். அடுப்புப் புகையின் வாயுவை அது ஒன்றும் செய்யாது. அதோடு, தகரக் கூரையின் வெக்கையில் துண்டுக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் அதைப் பத்து நிமிடத்துக்கு மேல் போடவில்லை. அடுத்த முறை போனபோது மாஸ்க் எல்லாம் ஸ்க்ரூ வடிகட்டப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் ஒயர் உரிக்கும் சின்னக் கைமெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது பாதி வெற்றி. பவர் கார்டு அளவு ஒயரெல்லாம் அதில் போனது, உரித்த செம்பு கருகாமல் பளபளப்பாக இருந்ததால் விலையும் கொஞ்சம் கூடியது. ஆனால் மவுஸ் ஒயர், சார்ஜர் ஒயர் மாதிரி மெல்லியவை சிக்கிக்கொண்டன. அவை இன்னும் எரிகின்றன.

உருப்படியாக நடந்தது, நான் ஒரு பொருட்டாகவே நினைக்காத ஒன்று: சோப்பு.

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் குய்யு என்ற ஊர், ஒரு காலத்தில் உலகின் மின்கழிவுத் தலைநகர். அங்கே ஆறு வயதுக்குட்பட்ட 165 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து 2007-இல் ஆய்வு ஒன்று வெளியானது. ஒரு டெசிலிட்டருக்குச் சராசரி 15.3 மைக்ரோகிராம் ஈயம். அக்கம்பக்கத்து ஊர்க் குழந்தைகளுக்கு 9.9. இன்றைக்கு 5 வந்தாலே மூலத்தைத் தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயம் குழந்தையின் மூளையைத்தான் முதலில் தொடும். படிப்பு, கவனம், நடத்தை எல்லாம் கெடும், போனது திரும்பாது. அது குழந்தையின் வாய்க்குப் போகும் முக்கியமான வழி தூசி. அப்பா அம்மாவின் சட்டையிலும் முடியிலும் செருப்பிலும் ஏறி வீட்டுக்கு வரும் தூசி.

இதை அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் கடைக்குட்டி நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வீட்டுக்குப் போனதும் ஓடிவந்து மடியில விழுவான், தம்பி. இந்தச் சேலையோடதான் தூக்குவேன்" என்றார். அடுத்த வாரமே குடோனில் ஒரு மறைப்புக் கட்டித் தண்ணீர் டிரம் வைத்தாயிற்று. வேலைக்கென்று தனி உடுப்பு, அது வீட்டுக்குப் போகக் கூடாது, துவைப்பதும் அங்கேயே தனியாக. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. உலர்ந்த தரையைப் பெருக்கக் கூடாது, தண்ணீர் தெளித்துப் பிறகுதான். குழந்தைகளைக் குடோனுக்குக் கூட்டிவரக் கூடாது என்பதுதான் கஷ்டமாக இருந்தது; பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அதற்கு இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டார்கள். மாஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் இதை மட்டும் விடாமல் செய்தார்கள். தனக்கு வரும் கெடுதலைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள், பிள்ளைக்கு என்றதும் மாறிவிட்டார்கள்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். யுபிஎஸ் பேட்டரியை உடைத்து ஈயத்தை உருக்கும் வேலை அங்கே அவ்வப்போது நடந்தது. செனகலின் தியாரோயே-சுர்-மேர் பகுதியில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள்; பழைய பேட்டரி ஈயம் கலந்த மண்தான் காரணம். அதைச் சொன்னதும் குடோன்காரர், முழு பேட்டரியை முழுசாகவே விற்றுவிடுவது என்று ஒத்துக்கொண்டார். லாபம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

மூன்று வருடம் கழித்து அலுவலகத்தில் மறுபடியும் மெஷின் மாற்றும் நேரம் வந்தது. இந்தத் தடவை 90. நான் கற்றுக்கொண்டது முழுக்க அங்கேதான் பயன்பட்டது.

முதல் வேலையாக, உண்மையிலேயே எது குப்பை என்று பார்த்தேன். 90-இல் 50-க்கு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு டிஸ்க்கும் கூடுதல் ரேமும் போட்டால் இன்னும் மூன்று வருடம் ஓடும். ஓட்டினோம். இதைவிடப் பெரிய மறுசுழற்சி எதுவும் எனக்குத் தெரியாது. பத்து மெஷின்களை ஒரு பள்ளிக்குக் கொடுத்தோம். கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் அரை நாள் ஓட்டிப் பார்த்து, சார்ஜர், கேபிள் எல்லாம் வைத்துக் கொடுத்தோம். ஓடாததை நன்கொடையாகக் கொடுப்பது, குப்பையை அடுத்தவர் வாசலில் கொட்டிவிட்டு நன்றி எதிர்பார்ப்பது.

தகவல் அழிப்பதை வாங்குகிறவரிடம் விடவில்லை. டெலிட் செய்தாலும், அவசர ஃபார்மட் போட்டாலும் தகவல் அப்படியே இருக்கும். 2009-இல் கானாவில் சந்தையில் வாங்கிய ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்த ஆவணங்கள் கிடைத்த கதை உண்டு. ஹார்ட் டிஸ்க்கை முழுக்க மேலெழுதி அழித்தோம். எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளரே தரும் அழிப்பு மென்பொருள். பலர் பழைய போனை மேஜை டிராயரில் பத்து வருடம் பூட்டி வைத்திருப்பதும் இந்தப் பயத்தால்தான். பூட்டி வைப்பதற்குப் பதில் கணக்குகளிலிருந்து வெளியேறி ஃபாக்டரி ரீசெட் போட்டுவிட்டால், சமீப வருடப் போன்களுக்கு அது போதும்.

பிறகு விலை கேட்டேன். ஆனால் விலைக்கு முன்னால் ஒரு கேள்வி: "எங்க சரக்கில் உங்களுக்குக் காசு ஆகாதது எது, அதை எங்கே அனுப்புறீங்க?" செம்பு எங்கே போகிறது என்று கேட்டால் எல்லோரும் நன்றாகப் பதில் சொல்வார்கள். பிக்சர் டியூப் கண்ணாடி எங்கே என்று கேட்டால்தான் முகம் மாறும். நான்கு பேரில் ஒருவர் "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றார். ஒருவர் ஃபோனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். இன்னொருவர் உரிமம் பெற்றவர், சுவரெல்லாம் சான்றிதழ். ஆலையைப் பார்க்கப் போனேன். அரைக்கும் இயந்திரம் பளபளவென்று இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், கட்டுப்பாட்டுப் பலகையில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கவில்லை. கொல்லையில் லோடு இறக்கவும் ஏற்றவும் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு மூன்று கை மாறிய கதை ஞாபகம் வந்தது.

நான்காமவர் கண்ணாடியையும் விளக்குக் குழாயையும் அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பிய ரசீதுகளைக் காட்டினார், எடையோடு, தேதியோடு. ஏற்றும்போது நாங்களும் எடை போட்டு, ரகவாரியாக எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். வாங்கிய எடையும் அவர் அனுப்பிய எடையும் ஆறு மாதத்துக்குள் பொருந்தி வர வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் சொன்ன விலை இருப்பதிலேயே குறைவு. கணக்குப் பிரிவில் ஒரு வாரம் சண்டை போட்டேன். கடைசியில் அந்தக் கொல்லைக் குவியலின் புகைப்படத்தைக் காட்டி, அதில் எங்கள் ஸ்டிக்கரைப் பெரிதாக்கிக் காட்டியதும்தான் கையெழுத்துப் போட்டார்கள். மனசாட்சியா, கம்பெனி பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயமா என்று நான் ஆராயவில்லை.

வீட்டளவில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். உப்பிய போன் பேட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் தனியாக வையுங்கள், பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். பெட்டி டிவியைத் திறந்து செம்பு எடுக்க யார் கேட்டாலும் விடாதீர்கள். டியூபுக்குள் வெற்றிடம், உடைந்தால் கண்ணாடி தெறிக்கும். பழைய ஃபிரிட்ஜின் குழாயை வெட்ட விடாதீர்கள். அந்த 'புஸ்' சத்தத்தில் போகும் பழைய வகை வாயு, கார்பன் டை ஆக்சைடைப்போலப் பத்தாயிரம் மடங்கு பூமியைச் சூடாக்கும். வீடியோ பார்த்து ஆசிட்டில் தங்கம் எடுக்க முயன்ற ஒரு பையனை எனக்குத் தெரியும். தங்கம் ஒரு மிளகளவு. இரண்டு விரல் நுனியில் இன்னும் உணர்ச்சி இல்லை.

இந்தக் குடோன்களையெல்லாம் இடித்துத் தள்ளினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அக்பொக்புளோஷியை 2021 ஜூலையில் இடித்தார்கள். வேலை நிற்கவில்லை, சுற்றுப்புறத்தில் சிதறிப்போனது. குய்யுவில் 2015-இல் பட்டறைகளை ஒரு தொழிற்பூங்காவுக்குள் கொண்டுவந்து புகையையும் கழிவுநீரையும் ஓரிடத்தில் கையாள ஏற்பாடு செய்தார்கள். அது இடிப்பதைவிட மேல் என்பது என் எண்ணம். பிரிக்கத் தெரிந்த கைகள் அதே கைகள்தான். அவற்றை விரட்டிவிட்டுப் புதிதாக யாரைக் கொண்டுவருவது? எங்கள் நான்காமவர் இப்போது அந்தக் குடோன்காரரிடமிருந்து போர்டுகளை வாங்குகிறார், சனிக்கிழமையே பணம் தருகிறார். அதனால் அடுப்பு அணைந்துவிட்டது. இதை ஏற்பாடு செய்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

போன மாதம் போயிருந்தேன். அக்காவின் கடைக்குட்டி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறான். தண்ணீர் டிரம் இருந்தது, சோப்பு இருந்தது. ஒயர் உரிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் மெல்லிய ஒயர் ஒரு சாக்கு, கட்டி வைத்திருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கொல்லையில் பிக்சர் டியூப் குவியல் அப்படியே கிடக்கிறது. நான்காமவரிடம் கேட்டேன். எடுத்துக்கொள்கிறேன், ஆனால் கிலோவுக்கு இவ்வளவு என்று நீங்கள்தான் எனக்குத் தர வேண்டும் என்றார். குடோன்காரர் என்னைப் பார்த்தார். நான் குவியலைப் பார்த்தேன். அதில் நாற்பது சொச்சம் எங்களுடையது.